வெள்ளிக்கிழமை பாஸாகக் கூடாது

படித்து முடித்தவர்களைக் கூட்டி வைத்துக் கைதட்டுவது சுலபம். இன்னும் படித்துக்கொண்டிருக்கும் ஒரே ஒருவரைக் கண்டுபிடிப்பதுதான் பெரும்பாடு என்பது ஆலயக் கமிட்டிக்கு மூன்றாவது கூட்டத்தில்தான் உறைத்தது.

விஷயம் இதுதான். இனி ஆண்டுக்கு ஒரு ஞாயிறு 'கல்வி ஞாயிறு' என்று பேராயர் அலுவலகம் சொல்லிவிட்டது. அன்றைய ஆராதனையில் பட்டதாரிகளை வாழ்த்த வேண்டும், ஆசிரியர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும், வாழ்நாள் கற்றலைப் போற்ற வேண்டும். முதல் கல்வி ஞாயிறுக்குப் பேராயரே இந்த ஆலயத்துக்கு வருகிறார். கமிட்டித் தலைவரான ஓய்வுபெற்ற தலைமையாசிரியருக்கு அன்றிலிருந்து தூக்கம் போயிற்று. தூக்கம் போனவர் மற்றவர்களையும் தூங்கவிடவில்லை.

முதல் கூட்டம் பட்டதாரிகளுக்காக. அந்த ஆண்டு பட்டம் வாங்கிய பிள்ளைகள் ஐந்தாறு பேர்தான். செய்தி வெளியே கசிந்ததும், பட்டம் வாங்கித் தலை நரைத்தவர்களெல்லாம் அங்கியைத் தூசி தட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். "எங்க காலத்துல எங்களுக்கு யாரு ஆராதனை வச்சா?" என்பது அவர்கள் கட்சி. அங்கிக்குள் இப்போது வயிறு அடங்கவில்லை, பொத்தான் போடாமல் பவனியில் வரலாமா என்று ஒருவர் கேட்டார். வரலாம், ஆனால் ஆலயத்தின் இடது பக்கமாக வர வேண்டும் என்று தீர்மானம் ஆயிற்று. ஏன் இடது பக்கம் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டால் இன்னொரு கூட்டம் போட வேண்டியிருக்கும்.

இரண்டாவது கூட்டம் ஆசிரியர்களுக்காக. கல்லூரியில் பாடம் நடத்துகிறவர் பள்ளிக்கூட ஆசிரியரோடு ஒரே வரிசையில் உட்கார மாட்டேன் என்றார். பள்ளிக்கூட ஆசிரியர் டியூஷன் எடுப்பவரோடு உட்கார மாட்டேன் என்றார். மழலையர் பள்ளி டீச்சர்கள் மட்டும் கடைசி வரை கைகட்டி வாயில் விரல் வைத்து உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கு மேடைக்குப் பின்னால் இடம் ஒதுக்கப்பட்டது.

மூன்றாவது கூட்டத்தில்தான் தலைமையாசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு கேட்டார்:

"வாழ்நாள் கற்றலுக்கு ஆள் வேணும். நம்ம சபையில இன்னும் எதையாவது கத்துக்கிட்டிருக்கிறவங்க யாரு?"

யாரோ யாரையோ பார்த்தார்கள். பார்க்கப்பட்டவர் அவமானப்பட்டவர் போல முகத்தைத் திருப்பிக்கொண்டார். கட்டடப் பொறியாளரிடம் ஏற்கெனவே கேட்டுப் பார்த்ததாகவும், "என்னைப் பாத்தா எதுவும் தெரியாதவன் மாதிரியா இருக்கு?" என்று அவர் பொரிந்து தள்ளியதாகவும் செயலாளரான பல் டாக்டரம்மா சொன்னார். போதகரைப் பார்த்தார்கள். அவர் அவசரமாக, "நான் ஊழியத்துக்கு வரும்போதே படிச்சு முடிச்சுட்டேனே" என்றார். ஆக, சபையில் எல்லோரும் எல்லாம் தெரிந்தவர்கள். பேராயரிடம் போய் இதை எப்படிச் சொல்வது?

இந்த நேரத்தில்தான் மூலையில் உட்கார்ந்திருந்த நர்ஸ் எழுந்தாள்.

அவளை ஆஸ்பத்திரியிலும் சிஸ்டர் என்பார்கள், ஆலயத்திலும் சிஸ்டர் என்பார்கள். இரண்டு இடத்திலும் அப்படிக் கூப்பிட்டால் ஏதோ வேலை வைக்கப்போகிறார்கள் என்று அர்த்தம். போன ஆண்டு நீண்டதொரு பிரசங்கத்தின்போது இரண்டு பேர் மயங்கி விழுந்ததால் கமிட்டியில் முதலுதவிக்கென்று ஓர் இடம் உண்டாக்கி அவளை உட்கார வைத்திருந்தார்கள். கூட்டத்தில் அவள் இதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை.

"ஐயா, நான் கிளம்பட்டுங்களா? கிளாஸுக்கு நேரமாச்சு."

"என்ன கிளாஸ்?"

"டிரைவிங் கிளாஸுங்க."

"போன வருஷமே போய்க்கிட்டிருந்தீங்களே?"

அவள் கைப்பையின் வாரைப் பிடித்துத் திருகினாள். "ஆமாங்க. ஆறு தடவை டெஸ்ட்ல ஃபெயிலாயிட்டேன். ரிவர்ஸ் வர மாட்டேங்குது."

அறையில் ஒரு பெருமூச்சு எழுந்தது. தலைமையாசிரியர் எழுந்து நின்றார். அவளுக்காக அவர் எழுந்து நின்றது அதுதான் முதல் தடவை.

"இன்னும் கத்துக்கிட்டேதான் இருக்கீங்களா?"

"வேற வழி?"

"சிஸ்டர்," என்றார் அவர், குரல் தழுதழுக்க, "நீங்கதான் எங்க வாழ்நாள் மாணவி."

எதிர்ப்பில்லாமல் நிறைவேறிய ஒரே தீர்மானம் அதுதான்.

டிரைவிங் கிளாஸில் அன்று அவள் மூன்றாவது கம்பத்தை வழக்கம்போல் இடித்துச் சாய்த்தாள். நான்கு கம்பங்களுக்கு நடுவே வண்டியைப் பின்னால் எடுத்து, எதையும் உரசாமல் நிறுத்த வேண்டும். முன்னால் போகச் சொன்னால் தேர் மாதிரி போவாள். பின்னால் என்றதும் கைக்கும் கண்ணுக்கும் சண்டை வந்துவிடும். டிரைவிங் மாஸ்டர் நல்ல மனிதர். சாய்ந்த கம்பத்தை நிமிர்த்தி நட்டுவிட்டு, "பதறாதீங்க சிஸ்டர், கம்பம் எங்கயும் ஓடாது" என்பார்.

பதறாமல் எப்படி இருப்பது? ஆஸ்பத்திரியில் புதிதாக வீட்டுப் பராமரிப்புப் பிரிவு தொடங்கியிருந்தார்கள். நர்ஸே வண்டி ஓட்டிக்கொண்டு நோயாளிகளின் வீட்டுக்குப் போய் வர வேண்டும். பகல் வேலை. மேட்ரன் அவளுக்காக இந்த மாதக் கடைசி வரை இடத்தைப் பிடித்து வைத்திருந்தார். அதற்குள் லைசென்ஸ் வராவிட்டால் வேறு ஆள்.

அவள் புருஷனுக்கு ரொட்டி அடுமனையில் வேலை. விடியுமுன் போய் மதியம் வருவார். இவள் இரவு வேலை முடித்துக் காலையில் வந்து படுப்பாள். அவர் விழித்திருக்கும்போது இவள் தூக்கத்தில், இவள் கிளம்பும்போது அவர் கொட்டாவியில். கல்யாணமான நாளிலிருந்து இவர்கள் பேசிக்கொண்டதில் பாதி வாசற்படியில் நின்று பேசியது. "பால் காய்ச்சியாச்சு", "சாவி மாடத்துல", "மழை வரும், குடை." ஒரு சாயங்காலமாவது இரண்டு பேரும் கண் விழித்த நிலையில் எதிரெதிரே உட்கார வேண்டும் என்பது அவளுடைய ஆசை. வெள்ளிக்கிழமை ஏழாவது டெஸ்ட். ஞாயிறு ஆராதனை.

இந்தத் தேதிகளைக் கமிட்டியிடம் அவள் சொல்லாமலே இருந்திருக்கலாம். நல்ல மனசோடு பல் டாக்டரம்மாவிடம் சொன்னாள். "வெள்ளிக்கிழமை எனக்காக ஜெபம் பண்ணுங்க டாக்டர்."

பல் டாக்டரம்மாவின் முகம், மயக்க ஊசி போடாமல் கடைவாய்ப்பல்லைப் பிடுங்கினாற்போல் ஆயிற்று.

மறுநாள் மத்தியானம், இரவு வேலை முடிந்து அவள் அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தபோது கதவு தட்டப்பட்டது. தலைமையாசிரியர், பல் டாக்டரம்மா, அவர்களுக்குப் பின்னால் மன்னிப்புக் கேட்கும் முகத்தோடு போதகர். புருஷன் அப்போதுதான் மாவு அப்பிய சட்டையோடு வந்திருந்தார். அவசரமாக நாற்காலிகளை இழுத்துப் போட்டார்.

"ஒரு சின்ன சிக்கல் சிஸ்டர்," என்று தொடங்கினார் தலைமையாசிரியர். "நீங்க கற்பவர். அதுக்குத்தான் உங்களைத் தேர்ந்தெடுத்தோம். வெள்ளிக்கிழமை நீங்க பாஸாயிட்டா, கற்று முடித்தவர் ஆயிடுவீங்க. கற்று முடித்தவருக்குப் பட்டதாரிகள் பகுதியில்தான் இடம். அங்க ஏற்கெனவே இடமில்ல."

"பாஸானா நல்லதுதானேங்க?" என்றார் புருஷன்.

"உங்களுக்கு நல்லது. சபைக்கு?" தலைமையாசிரியர் விரலை உயர்த்தினார். "பேராயர் பிரசங்கம் தயார் பண்ணிட்டார். தலைப்பே 'ஆறு முறை விழுந்த சகோதரி'. கேடயத்துல 'வாழ்நாள் மாணவி'ன்னு பொறிச்சாச்சு. பாடகர் குழு புதுசா பாட்டு கட்டியிருக்கு. பல்லவியே 'பின்னால் போக முடியவில்லை'தான். இத்தனை பேர் உழைப்பு உங்க ஒரு ரிவர்ஸ்ல வீணாப் போகணுமா?"

அவளுக்குத் தூக்கம் முழுசாகக் கலைந்தது. "டெஸ்ட்டைத் தள்ளிப் போட்டா அடுத்த மாசம்தான் தேதி கிடைக்கும் ஐயா. வேலை போயிடும்."

"தள்ளிப் போடச் சொல்லலயே," என்றார் பல் டாக்டரம்மா பரிவோடு. "போங்க. முயற்சி பண்ணுங்க. முயற்சிதானே முக்கியம்? முடிவை ஆண்டவர்கிட்ட விட்டுடுங்க. இல்லன்னா எங்ககிட்ட விட்டுடுங்க."

போதகரை ஜெபிக்கச் சொன்னார்கள். அவர் எழுந்து, எச்சில் விழுங்கி, "ஆண்டவரே, இந்தச் சகோதரி வண்டியைப் பின்னால் எடுக்கிற வேளையிலே உம்முடைய சித்தம் நிறைவேறட்டும்" என்றார். "கமிட்டியினுடைய சித்தமும்" என்று தலைமையாசிரியர் கண்ணை மூடியபடியே சேர்த்தார். ஆமென் சொல்வதா வேண்டாமா என்று தெரியாமல் புருஷன் இருமினார்.

அவர்கள் போனபின் அவள் கேட்டாள்: "என்னங்க பண்றது?"

"தூங்கு," என்றார் அவர். "தூக்கம் இல்லாம ஓட்டினா அவங்க ஜெபம் பலிச்சுடும்."

கமிட்டி ஆண்டவரை மட்டும் நம்பி இருக்கவில்லை. டெஸ்ட் எடுக்கும் லைசென்ஸ் ஆபீசர் இதே சபைக்காரர்; பாடகர் குழுவில் அடிக்குரலில் பாடுபவர். அவரைப் பார்த்தால் டிராஃபிக் விளக்குகூடச் சிவப்பாகும் என்பார்கள். சொந்த மைத்துனனையே இரண்டு தடவை ஃபெயிலாக்கியவர். அவரைப் 'பேசிக்கொண்டிருக்க' என்று கமிட்டி அறைக்குக் கூப்பிட்டார்கள். முதலுதவிப் பெட்டியை எடுக்க வந்த நர்ஸ் கதவுக்கு வெளியே நின்றுவிட்டாள். உள்ளேயிருந்து தலைமையாசிரியரின் குரல் கணீரென்று கேட்டது.

"ஃபெயில் பண்ணுங்கன்னு நாங்க சொல்லல. அது தப்பு. பாஸ் பண்ண அவசரப்படாதீங்கன்னுதான் சொல்றோம்."

"ஓட்டினா பாஸ். ஓட்டலன்னா ஃபெயில். இதுல அவசரம் எங்க வருது ஐயா?"

"உங்க நேர்மை சபைக்கே தெரியும். அந்த நேர்மையை ஞாயித்துக்கிழமை வரைக்கும் கொஞ்சம் ஜாஸ்தியா வச்சுக்கோங்க. கம்பத்துக்குப் பக்கத்துல போனாலே இடிச்ச மாதிரிதானே?"

"பக்கத்துல போகாம எப்படி ஐயா நடுவுல நிறுத்துறது?"

"அதைத்தான் நாங்களும் கேக்கறோம்."

கதவு திறந்தது. வெளியே வந்த ஆபீசரின் நெற்றியெல்லாம் வியர்வை. எதிரே நின்றவளைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டு படியிறங்கிப் போய்விட்டார். இனி கம்பத்தை இடித்தாலும் தன்னாலா அவராலா என்று தெரியாது. இடிக்காவிட்டால் என்ன ஆகும் என்று அதைவிடத் தெரியாது.

வியாழக்கிழமை ஒத்திகை. பட்டதாரிகள் அங்கியில் முன்னால் போக, கடைசியில் தனியாக அவள் வர வேண்டும். கழுத்தில் மாட்ட ஓர் 'எல்' போர்டு செய்து வைத்திருந்தார்கள். வண்டியில் ஒட்டுவதுதான், அதில் ஓட்டை போட்டுக் கயிறு கோத்திருந்தார்கள். அதை மாட்டிக்கொண்டு நடந்தபோது பவனியில் யாரோ சிரித்தார்கள்.

"கொஞ்சம் தயங்கித் தயங்கி நடங்க சிஸ்டர்," என்றார் தலைமையாசிரியர். "தெளிவா நடந்தா கத்துக்கிட்ட மாதிரி தெரியுது."

அவள் தயங்கித் தயங்கி நடந்தாள். அதற்கு நடிப்பு தேவைப்படவில்லை.

வெள்ளிக்கிழமை காலை, லைசென்ஸ் அலுவலகத்துக்குப் பின்னாலிருந்த மைதானத்துக்குப் போனவள் திடுக்கிட்டு நின்றாள். வேலியோரம் கமிட்டி முழுதும் வந்திருந்தது. பாடகர் குழுவில் நாலு பேர். தலைமையாசிரியர் குடையோடு. போதகர் மட்டும் ஒரு மரத்துக்குப் பின்னால் ஒதுங்கி நின்றார். ஆனால் மரம் ஒல்லி.

"ஊக்கப்படுத்த வந்தோம்!" என்று கத்தினார் பல் டாக்டரம்மா.

ஆபீசர் அவள் பக்கத்து இருக்கையில் ஏறி உட்கார்ந்தார். பெல்ட்டை இரண்டு தடவை தவறவிட்டு மூன்றாவது தடவை மாட்டினார். "கிளம்புங்க" என்றார். அந்த அடிக்குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் இருந்தது.

முன்னால் போவது, திரும்புவது, மேட்டில் நிறுத்தி எடுப்பது எல்லாம் முடிந்தது. வேலியோரம் பாடகர் குழு மெல்ல முனகத் தொடங்கியது. பின்னால் போக முடியவில்லை. அவளுடைய உள்ளங்கை ஸ்டியரிங்கில் வழுக்கியது. துடைத்துக்கொண்டாள். இரவு பூராவும் ஊசி போட்ட கை, யாருடைய நரம்பையும் தவறவிடாத கை, இப்போது சொன்ன பேச்சு கேட்க மாட்டேன் என்றது.

"ரிவர்ஸ்," என்றார் ஆபீசர். கண்ணை மூடிக்கொண்டாரோ என்று அவளுக்குச் சந்தேகம்.

கியரைப் போட்டாள். வண்டி பின்னால் நகர்ந்தது. முதல் கம்பம் கண்ணாடியில் வந்து போயிற்று. இரண்டாவது போயிற்று. மூன்றாவது, அவளுடைய ஜென்ம விரோதி, மெதுவாகப் பெரிதானது. ஸ்டியரிங்கை ஒடித்தாள். கம்பம் விலகியது. விலகுகிறது! அவளால் நம்ப முடியவில்லை. இன்னும் கொஞ்சம், இன்னும் ஒரு முழம்.

விலகுகிறது என்பதைத் தலைமையாசிரியரும் பார்த்துவிட்டார். அவருக்குப் பொறுக்கவில்லை. இரண்டு கைகளையும் வானத்துக்குத் தூக்கி, "சித்தம்! சித்தம்!" என்று உரக்கச் சொல்லிக்கொண்டே வேலியைத் தாண்டி வந்தவர், தான் எங்கே வருகிறோம் என்று பார்க்கவில்லை. கண்ணாடியில் கம்பத்துக்கு அருகே திடீரென்று ஒரு குடை, ஒரு வேட்டி, ஒரு திறந்த வாய்.

அவள் பிரேக்கை மிதித்தாள். மூன்று பேர் உடம்பும் குலுங்கியது: அவளுடையது, ஆபீசருடையது, வண்டிக்கு வெளியே நின்றவருடையது. வண்டி அவர் முழங்காலுக்கு ஒரு சாண் தள்ளி நின்றுவிட்டது. வண்டி நின்றது, அவர் நிற்கவில்லை. பின்னால் துள்ளித் தன் குடையிலேயே தடுக்கி விழுந்தார்.

பாட்டு நின்றது. ஆபீசர் இறங்கினார். விழுந்தவரைப் பார்க்கவில்லை; முதலில் கம்பங்களைப் பார்த்தார். சுற்றி வந்தார். குனிந்தார். கம்பத்துக்கும் வண்டிக்கும் நடுவே கையை விட்டுப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, பல நாட்களாக அடைத்திருந்தது திறந்தாற்போல, ஆராதனையில்கூட அத்தனை சத்தமாகப் பாடாத குரலில் சொன்னார்:

"பாஸ்!"

"ஆட்சேபம்!" என்றார் தலைமையாசிரியர் தரையில் கிடந்தபடியே. "குறுக்கீடு நடந்திருக்கு. டெஸ்ட் செல்லாது!"

"குறுக்க வந்தது நீங்கதான் ஐயா. மனுஷன் குறுக்க வந்தா நிறுத்தணும். நிறுத்தினாங்க. இதுவரைக்கும் இவ்வளவு நல்லா யாரும் நிறுத்தினதில்ல."

அவள் அதற்குள் அவர் காலருகே மண்டியிட்டிருந்தாள். கணுக்கால் வீங்கத் தொடங்கியிருந்தது. "எழுந்துக்காதீங்க ஐயா. ஆஸ்பத்திரிக்குப் போகலாம்." வண்டியோடு வந்திருந்த டிரைவிங் மாஸ்டர் முன்னால் உட்கார, அவளே ஓட்டினாள். பின் இருக்கையில் காலை நீட்டிக்கொண்டு தலைமையாசிரியர் வழியெல்லாம் பேசினார். ஒவ்வொரு குழியிலும் "ஐயோ" என்பார், அடுத்த வாக்கியத்தைத் தொடர்வார்.

"சிஸ்டர், பாஸ்ங்கிறது ஒரு செய்தி. அறிவிச்சாத்தான் அது செய்தி. ஐயோ. நீங்க அறிவிக்கல, நாங்க அறிவிக்கல, அப்ப நடந்ததுன்னு எப்படிச் சொல்றது?"

"உங்க கால்ல வீக்கம் நடந்திருக்கே ஐயா."

அவர் வீக்கத்தைப் பார்த்துவிட்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்.

எலும்பு முறியவில்லை; சுளுக்குதான். கட்டுப் போட்டு, அக்குளில் வைத்து நடக்க ஊன்றுகோல் கொடுத்தார்கள். அன்று பிற்பகல் லைசென்ஸ் அட்டையை மேட்ரனிடம் காட்டினாள். "திங்கட்கிழமை காலையில வந்துடு" என்றார் மேட்ரன். நிம்மதியில் அவள் அழுதிருக்க வேண்டும். ஆனால் கமிட்டி ஞாபகம் வந்து கண்ணீரைத் தடுத்துவிட்டது.

சனிக்கிழமை அவசரக் கூட்டம். தலைமையாசிரியர் காலை ஒரு முக்காலியில் நீட்டிக்கொண்டு தலைமை வகித்தார். வெள்ளிக்கிழமை நடந்ததைத் திங்கட்கிழமை நடந்ததாகக் கருதுவது என்று தீர்மானம் நிறைவேறியது. போதகர் மட்டும், "அது பொய் ஆகாதா?" என்று மெல்லக் கேட்டார்.

"பொய்யில்ல, ஒத்திவைப்பு," என்றார் பல் டாக்டரம்மா. "பல்லுல ஓட்டை இருந்தாலும், நான் வாயைத் திறந்து பாக்கிற வரைக்கும் ஓட்டை இல்லன்னுதான் கணக்கு."

அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். "நாளைக்குப் பேராயர் ஏதாவது கேட்டா, 'முயற்சி பண்றேன் ஐயா'ன்னு மட்டும் சொல்லுங்க. அதுக்கு மேல வேண்டாம்," என்றார் தலைமையாசிரியர். "சபையின் மானம் உங்க கையில."

அவள் வாயைத் திறக்கவில்லை. மௌனம் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

வீட்டில் புருஷனிடம் சொன்னாள். "பொய் சொல்லக் கூடாதுன்னு அங்கதானே சொல்லிக்கொடுத்தாங்க?"

"அது சின்னப் பிள்ளைங்களுக்குச் சொல்லிக்கொடுத்ததுங்க."

"பெரியவங்களுக்கு என்ன சொல்லிக்கொடுத்தாங்க?"

"எதுவும் சொல்லிக்கொடுக்கல. பெரியவங்க எல்லாம் கத்து முடிச்சவங்க."

ஞாயிறு காலை ஆலயத்தில் எள் போட்டால் எண்ணெய்தான் எடுக்கலாம், அத்தனை கூட்டம். பட்டதாரிகள் பவனி வந்தார்கள். பொத்தான் போடாதவர்கள் இடது பக்கமாக வந்தார்கள். அந்த ஆண்டு உண்மையில் பட்டம் வாங்கிய பிள்ளைகள் கடைசி வரிசையில்கூட இடம் கிடைக்காமல் படிக்கட்டில் நின்றார்கள். கல்லூரி, பள்ளி, டியூஷன் ஆசிரியர்கள் ஒருவர் முதுகை ஒருவர் பார்த்தபடி அமர்ந்தார்கள். எல்லோருக்கும் பின்னால், கழுத்தில் எல் போர்டு ஊசலாட, அவள் வந்தாள். நேற்று ராத்திரி முழுக்க ஒரு முடிவும் எடுக்கவில்லை. பலிபீடத்தை நெருங்க நெருங்க நடை தயங்கியது. இந்தத் தடவையும் தயக்கத்தில் நடிப்பு இல்லை.

பேராயர் வயதானவர், கனிவான முகம். பிரசங்கத் தாள்களை விரித்தார். கட்டு கனமாக இருந்தது. முன்வரிசையில் இரண்டு பேர் இப்போதே கண்ணை மூடிக்கொண்டார்கள்.

"ஆறு முறை விழுந்தார் இந்தச் சகோதரி," என்று தொடங்கினார். "கண்ணீரோடு திரும்பினார். ஆனாலும் கற்பதை நிறுத்தவில்லை. சகோதரி, ஏழாவது முறை எப்போது?"

ஒலிவாங்கியை அவள் பக்கம் நீட்டினார். கமிட்டி மொத்தமும் முன்னால் சாய்ந்தது. தலைமையாசிரியர் உதட்டை அசைத்தார்: முயற்சி பண்றேன் ஐயா.

"முயற்சி..." என்று தொடங்கினாள். தூரத்தில், கடைசித் தூணருகே, புருஷன் நின்றிருந்தார். ஞாயிற்றுக்கிழமை அவருக்கு லீவு. ஆனாலும் பழக்க தோஷத்தில் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார். அதைப் பார்த்ததும் அவளுக்கு ஏனோ சிரிப்பு வந்தது. சிரிப்பு வந்ததும் பயம் கொஞ்சம் விலகியது.

கழுத்திலிருந்த போர்டைக் கழற்றினாள்.

"முயற்சி பண்ணினேன் ஐயா. வெள்ளிக்கிழமை பாஸாயிட்டேன்."

பேராயர் முதல் தாளைப் பார்த்தார். புரட்டினார். இரண்டாவதைப் பார்த்தார். மூன்றாவதிலும் அவள் விழுந்துகொண்டுதான் இருந்தாள். பாடகர் குழுவின் கடைசி வரிசையிலிருந்து தன்னந்தனியாக ஒரு அடிக்குரல் எழுந்தது: "ஆமென்!"

படிக்கட்டில் நின்ற பிள்ளைகள் கைதட்டினார்கள். அது உள்ளே பரவி, மேடைக்குப் பின்னாலிருந்த மழலையர் பள்ளி டீச்சர்கள் வரை போயிற்று. பேராயர் தாள்களை மடித்து வைத்துவிட்டு, "நல்லது, மகளே. மிகவும் நல்லது" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார். அந்த ஆலயத்தின் வரலாற்றிலேயே மிகச் சிறிய பிரசங்கம் அது. ஒருவரும் மயங்கவில்லை.

கேடயம்தான் மிச்சம். பல் டாக்டரம்மா சமயோசிதமானவர். ஒலிவாங்கியைப் பிடித்து, "வயதான காலத்தில் ஊன்றுகோலோடு நடக்கக் கற்றுக்கொண்டிருக்கும் நம் கமிட்டித் தலைவரே இந்த ஆண்டின் வாழ்நாள் கற்பவர்" என்று அறிவித்தார். தலைமையாசிரியர் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே எழுந்து, யார் உதவியும் இல்லாமல் மேடை வரை விறுவிறுவென்று நடந்துவிட்டார். 'வாழ்நாள் மாணவி' என்று பொறித்திருந்ததை நெஞ்சோடு அணைத்துப் படம் எடுத்துக்கொண்டார். நன்றியுரையில், கமிட்டியின் இடைவிடாத ஜெபத்தினாலேயே சகோதரி வெள்ளிக்கிழமை பாஸானார் என்பதைச் சபையின் கவனத்துக்குக் கொண்டுவந்தார்.

ஆராதனை முடிந்து எல்லோரும் வெளியே வந்தார்கள். பேராயரின் கார் வாசலில் நின்றது. டிரைவர் கதவைத் திறந்து வைத்திருந்தான். அவர் ஏறவில்லை. நர்ஸைத் தேடிக் கண்டுபிடித்து வேப்பமரத்தடிக்குத் தனியாகக் கூட்டிப் போனார். சபை நடுவே பிரசங்கத்தைக் குலைத்ததற்குத் திட்டப்போகிறார் என்று நினைத்தாள். கமிட்டியாரும் அதையே எதிர்பார்த்துத் தள்ளி நின்று பார்த்தார்கள்.

பேராயர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"அந்த மூணாவது கம்பம், மகளே. ஸ்டியரிங்கை எப்ப ஒடிக்கணும்?"

அவளுக்கு முதலில் புரியவில்லை.

"நான் ஒன்பது தடவை ஃபெயில்," என்றார் அவர். "அதனாலதான் டிரைவர் வச்சிருக்கேன். யார்கிட்டயும் சொல்லிடாத. உன்னைப் பத்திக் கேள்விப்பட்டதும் எனக்கு அவ்வளவு ஆறுதலா இருந்துச்சு. அந்தப் பிரசங்கத்தை ரெண்டு வாரமா எழுதினேன்."

அவள் அவரைப் பார்த்தாள். கிண்டல் இல்லை, கண்ணில் உண்மையான பயம்.

"கம்பத்தைப் பாக்காதீங்க ஐயா," என்றாள். "பின்னாடி ஒரு தலைமையாசிரியர் நிக்கிறார்னு நெனச்சுக்கோங்க. கால் தானா மெதுவாகும். கம்பம் தோளுக்கு நேரா வரும்போது, இப்படி."

கையால் காட்டினாள். பேராயரும் இரண்டு கைகளையும் உயர்த்தி, காற்றில் வட்டமாக ஒரு முறை இடப்பக்கம் சுழற்றினார். "இப்படியா?" "இன்னும் கொஞ்சம் ஐயா." மறுபடி, கண்ணை மூடிக்கொண்டு, பக்தியோடு சுழற்றினார்.

தூரத்தில் நின்ற கமிட்டியார் பேராயரின் கைகள் உயர்வதைப் பார்த்தார்கள். அது என்ன ஆசீர்வாதம் என்று அவர்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்லவும் மனம் வரவில்லை. எல்லோரும் தலை குனிந்து ஆமென் சொன்னார்கள்.